ரயில் கடவைப் பலகைகளைத் தேட எந்தத் தெருப்படம் நல்லது?

மட்டக்களப்பு மாவட்டத்து ஏறாவூரிலிருந்து வந்தாறுமூலைப் பக்கம் போகிற உள்வீதி ஒன்றில், ரயில் கடவையில் ஒரு மூங்கில் கேட் இருக்கிறது. கூகுள் ஸ்ட்ரீட் வியூவில் பார்த்தால் கம்பம் மேலே தூக்கியபடி நிற்கும். வெள்ளையும் சிவப்பும் மாறி மாறிப் பூசிய கம்பம், முக்கால் உயரத்தில் முறிந்து ஒரு சாண் தள்ளித் தொடர்வது போலத் தெரியும். காரின் மேலிருந்த கமராக்கள் எடுத்த படங்களை ஒட்டும்போது பொருத்து அந்த இடத்தில் விழுந்திருக்கிறது, அவ்வளவுதான். அடிப்பக்கம் பாரத்துக்காகக் கம்பியால் கட்டிய கல். பக்கத்தில் தகரக் கொட்டில். அதன் வாசலில் பிளாஸ்டிக் கதிரையில் ஒருவர், முகம் மங்கலாக்கப்பட்டு, மடியில் சுருட்டிய சிவப்புக் கொடியோடு. படத்தின் திகதி 2015.

அந்த ஒரு படத்திலிருந்துதான் எனக்கு இந்த ஆசை தொடங்கியது. நான் களுவாஞ்சிகுடிப் பக்கம். கோச்சிப் பாதை மட்டக்களப்பு ஸ்டேஷனோடு முடிந்துவிடுகிறது. அதற்குத் தெற்கே பிறந்தவர்களுக்கும், அம்பாறை மாவட்டம் முழுவதற்கும், ஊருக்குள் ரயில் வருவது என்பதே கிடையாது. சின்ன வயதில் ஏறாவூர் மாமி வீட்டுக்குப் போகும் நாளில்தான் கேட் விழுவதைப் பார்ப்பேன். வாகனங்கள் வரிசையாக நிற்க, ஒரு மனிதர் ஒரு கம்பை இறக்கியதும் ஊரே காத்திருக்கும். அந்த ஆச்சரியம் இன்னும் போகவில்லை.

இப்போது உலகத்தின் ரயில் கடவைகளைத் தெருப்படங்களில் தேடிப் பார்க்கிறேன். வழமைக்கு மாறான பலகை, வழக்கொழிந்த விளக்கு, எவரும் கவனிக்காத கேட். இதைத் தொடங்க நினைப்பவர் முதலில் முடிவு செய்யவேண்டியது, எதில் தேடுவது என்பது. ரீலோட் போட்டு டேட்டா வாங்குகிற நமக்கு அது சின்ன முடிவும் இல்லை, ஏனென்றால் தெருப்படம் டேட்டாவை வேகமாகத் தின்னும். நான் கூகுள், எவரும் தெருப்படம் எடுத்து ஏற்றக்கூடிய மப்பிலரி, ஆர்வலர்களே சேர்ந்து வரைகிற வரைபடமான ஓபன் ஸ்ட்ரீட் மெப் மூன்றிலும் போதிய இரவுகளைச் செலவழித்துவிட்டேன். அந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

முதலில் வழமை எது என்று தெரியவேண்டும்

பெருக்கல் குறி போல இரண்டு பலகைகளைக் குறுக்கே வைத்த அடையாளம் பல நாடுகளிலும் ரயில் கடவைக்கு உரியது. வீதிக் குறியீடுகள் பற்றிய 1968 ஆம் ஆண்டு வியன்னா ஒப்பந்தத்திலும் அது இடம்பெற்றிருக்கிறது. ஆனாலும் நாட்டுக்கு நாடு முகம் மாறும். அமெரிக்காவில் வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்தில் 'ரெயில்ரோட் கிராசிங்' என்றிருக்கும். ஆங்கிலமும் பிரெஞ்சும் புழங்குகிற கனடாவில் எழுத்தையே எடுத்துவிட்டார்கள். வெறும் வெள்ளைப் பலகை, சிவப்புக் கரை. பின்லாந்திலும் சுவீடனிலும் மஞ்சளில் சிவப்புக் கரை. ஜேர்மனியில் வெள்ளைப் பலகையில் நுனிகள் மட்டும் சிவப்பு. தண்டவாளத்துக்கு மேலே மின்கம்பி ஓடுகிறதென்றால் நடுவில் ஒரு மின்னல் அம்பையும் காணலாம். ஜப்பானில் மஞ்சளும் கறுப்பும் வரிவரியாக.

இவை மனதில் படிந்த பிறகுதான் வித்தியாசமானது கண்ணில் தட்டுப்படும். கனடாவில் எங்கோ தனியார் காணி வாசலில் இன்னும் எழுத்தோடு நிற்கிற பழைய பலகை ஒரு புதையல். அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்தில் 1990களில் பெருக்கல் குறிக்குக் கீழே, பக்கங்கள் மடித்த, ஒளி தெறிக்கும் தகடு ஒன்றைப் பொருத்திப் பார்த்தார்கள். ரயிலின் முன்விளக்கு அந்த மடிப்பில் பட்டு வீதிப்பக்கம் மின்னவேண்டும் என்பது எண்ணம். கிரிஸ்வோல்ட் என்ற சமிக்ஞையில் ரயில் வரும்போது 'ஸ்டொப்' பலகையே திரும்பி ஓட்டுநரைப் பார்க்கும்.

எல்லாவற்றிலும் என் மனதுக்கு நெருக்கமானது விக்வக். நீண்ட கையின் நுனியில் ஒரு வட்டத் தகடு, அதன் நடுவில் சிவப்பு விளக்கு. ரயில் வந்தால் அது ஊசல் போல இடமும் வலமும் ஆடும், மணியும் அடிக்கும். 1909 வாக்கில் லொஸ் ஏஞ்சலிஸ் பக்கத்தில் பசிபிக் எலக்ட்ரிக் என்ற ரயில் கம்பனியில் பிறந்தது. அதற்கு முன் கடவையில் நின்று லாந்தரை ஆட்டிய காவல்காரரின் கையைப் பார்த்து அந்த அசைவை அமைத்தார்கள். இரண்டு சிவப்பு விளக்குகள் மாறி மாறி மின்னும் முறை பரவியதும் விக்வக் ஒவ்வொன்றாகக் கழற்றப்பட்டது. இன்று எஞ்சியிருப்பவை கொஞ்சம்தான்.

கூகுளின் பலம் பழைய படங்கள்

ஸ்ட்ரீட் வியூ 2007 இல் அமெரிக்காவில் தொடங்கியது. இலங்கைத் தெருக்கள் 2016 இல் அதில் ஏறின. பரப்பளவில் அதற்கு ஈடு வேறெதுவும் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். கடவை தேடுகிறவருக்கு அதைவிடப் பெரிய கொடை ஒன்று இருக்கிறது: 2014 இல் சேர்த்த பழைய படங்களைப் பார்க்கும் வசதி. ஒரே கடவையை 2008, 2012, 2019 என்று அடுக்கடுக்காகப் பார்க்கலாம். முதல் படத்தில் விக்வக் நிற்கும். அடுத்ததில் அதற்குப் பக்கத்தில் புதிய விளக்குக் கம்பம், கறுப்புத் துணியால் மூடியபடி. கடைசிப் படத்தில் விக்வக் நின்ற இடத்தில் கொங்கிரீட் அடி மட்டும். ஒரு சமிக்ஞையின் மரணத்தை வேறெங்கும் இப்படிப் பார்க்க முடியாது. இதற்காகவே, இன்று அந்த இடத்தில் ஒன்றுமில்லை என்று தெரிந்தாலும் பழைய திகதிகளைத் தட்டிப் பார்க்காமல் நான் நகர்வதில்லை.

ஜப்பானுக்கும் கூகுள்தான். நமது உள்வீதியை விட ஒடுங்கிய சந்துகளிலும் அவர்களின் கார் போயிருக்கிறது. 2009 இல், மதிலுக்கு மேலால் வீட்டுக்குள் தெரிகிறது என்று மக்கள் குறைப்பட்டதால், அந்த நாட்டில் மட்டும் கமராவை 40 சென்ரிமீற்றர் இறக்கித் திரும்ப எடுத்தார்கள். கடவை பார்க்கிற நமக்கு அந்தத் தாழ்ந்த பார்வை நல்லதாகப் போயிற்று. பலகையை வீதியில் நிற்கிற மனிதர் பார்ப்பது போலவே பார்க்கலாம். ஜப்பானியர் கடவைகளை வகை பிரித்திருக்கிறார்கள். முதல் வகைக்குக் கேட்டும் மணியும் உண்டு. நான்காம் வகைக்கு எதுவுமே இல்லை. நெல்வயலுக்கு நடுவே ஒற்றைத் தடம், மஞ்சள் கறுப்புப் பலகை, அதற்குக் கீழே கவனம் சொல்லும் இரண்டு வரி, அவ்வளவுதான். முதல் தடவை அதைக் கண்டபோது புணானைப் பக்கத்து வயல் வெளிதான் நினைவுக்கு வந்தது. நாம் 'பாதுகாப்பற்ற புகையிரதக் கடவை' என்று செய்தியில் படிக்கிறோமே, அதே சங்கதி அங்கும் இருக்கிறது.

கூகுள் கைவிடும் இடங்களும் உண்டு. ஜேர்மனியில் 2010 இல் 20 நகரங்களோடு நிறுத்திவிட்டு 2023 இல்தான் திரும்ப வந்தார்கள். ஆகவே அந்த நாட்டின் கிராமப்புறக் கடவைகளுக்குப் பழைய அடுக்குகளே இல்லை. இந்தியாவிலும் கார் படங்கள் 2022 ஜூலையில்தான் முறையாகத் தொடங்கின. இந்திய ரயில்வே அகலப்பாதையில் இருந்த காவலில்லாக் கடவைகள் எல்லாவற்றையும் 2019 ஜனவரிக்குள் ஒழித்துவிட்டது. இரண்டு திகதியையும் சேர்த்துப் பாருங்கள்: தமிழ்நாட்டில் அகலப்பாதை மேல் காவலில்லாத கடவையை இந்தக் கார் படங்களில் தேடினால் நேரம்தான் வீண். சில நண்பர்கள் வாரக்கணக்காகத் தேடினார்கள், அதனால் சொல்கிறேன்.

இன்னொரு சிக்கல், நிற்கும் படத்துக்கு அசைவு தெரியாது. மாறி மாறி மின்னும் இரண்டு சிவப்பு விளக்கில் ஒன்றுதான் எரிவதாகப் படத்தில் விழும். புதிதாகப் பார்க்கிறவர் மற்றது பழுது என்று எழுதிவிடுவார். செக் குடியரசிலும் ஹங்கேரியிலும் சுவீடனிலும் ரயில் இல்லாதபோது வெள்ளை விளக்கு ஒன்று மின்னும். சமிக்ஞை வேலை செய்கிறது, போகலாம் என்று அதற்குப் பொருள். செக்கில் அந்த வெள்ளை மின்னினால் கடவையை மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் கடக்கலாம், மின்னாவிட்டால் 30 தான். படத்தில் வெள்ளை அணைந்திருக்கும் கணம் விழுந்துவிட்டால் அந்த விளக்கு இருப்பதே தெரியாது. இதற்கு ஒரு வழி உண்டு. கார் சில மீற்றருக்கு ஒரு தடவை படமெடுக்கும். கடவைக்கு முன்னால் நான்கைந்து படங்களை ஒவ்வொன்றாக முன்னும் பின்னும் நகர்த்துங்கள். ஒன்றில் எரியும், அடுத்ததில் அணையும், அடுத்ததில் திரும்ப எரியும். ஹங்கேரியில் ஒரு சோளக்காட்டு ஓரத்தில் இப்படி ஐந்து படம் நகர்த்தி அந்த வெள்ளைப் புள்ளியைக் கண்ட இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

மப்பிலரி

மப்பிலரி 2013 இல் சுவீடனின் மல்மோ நகரில் தொடங்கியது. 2020 இல் பேஸ்புக் வாங்கியது. இதில் கம்பனிக் கார் என்று ஒன்று இல்லை. போனை வைத்திருக்கிற எவரும் படமெடுத்து ஏற்றலாம். முகங்களையும் வாகன இலக்கங்களையும் அது தானாக மங்கலாக்கும். படங்கள் திறந்த உரிமத்தில் இருக்கின்றன. எடுத்தவரின் பெயரைச் சொல்லி, அதே உரிமத்தில் நீங்கள் பயன்படுத்தலாம். கூகுள் படத்தை அப்படி எடுத்து இன்னொரு வரைபடத்தில் ஏற்ற முடியாது. சேகரித்து வைக்க, பகிர, பாடம் நடத்த விரும்புகிறவருக்கு இந்த ஒரு வேறுபாடே போதும்.

தேடுகிறவருக்குப் பெரிய ஆசை காட்டுவது அதன் குறியீட்டு வடிகட்டி. படங்களில் உள்ள வீதிப் பலகைகளை இயந்திரம் அடையாளம் கண்டு, மெப்பில் புள்ளியாகக் காட்டும். 'கேட் உள்ள கடவை', 'கேட் இல்லாத கடவை' என்ற முன்னெச்சரிக்கைப் பலகைகளைத் தனியாகத் தெரிவு செய்யலாம். முதல் வாரம் நான் இதில்தான் மயங்கிக் கிடந்தேன். பிறகுதான் விளங்கியது: இயந்திரம் அறிந்தது தனக்குக் கற்பித்த வழமையான பலகைகளை. நாம் தேடுவதோ அந்தப் பட்டியலில் இல்லாததை. மடித்த தகட்டுப் பலகையையும் கையெழுத்தில் எழுதிய எச்சரிக்கையையும் அது கண்டுகொள்ளாமல் கடந்துவிடும், அல்லது வேறேதோ பெயரில் போட்டுவிடும். வழமையானதைப் பெருந்தொகையாகப் பார்க்க வடிகட்டி நல்லது. அரியதைத் தேட அதை நம்பவேண்டாம்.

ஆனால் மப்பிலரிக்கு வேறு ஒரு அழகு. சைக்கிளில் போனவர், நடந்தவர், ரயில் ஜன்னலோரம் இருந்து எடுத்தவர் எல்லோரும் அங்கே இருக்கிறார்கள். கார் போகாத வயல்வரப்புக் கடவை அங்கேதான் கிடைக்கும். கூகுள் இல்லாத வருடங்களில் ஜேர்மனிய ஆர்வலர்கள் தம் ஊர்களை இதில் நிறைத்து வைத்தார்கள். மின்னல் அம்பு போட்ட பெருக்கல் குறிகளை நான் முதலில் பார்த்ததும் அதில்தான். படங்களின் தரம் ஏறி இறங்கும். மழைத்துளி பட்ட கண்ணாடிக்குப் பின்னால் எடுத்ததும் இருக்கும். பொறுத்துக்கொள்ளலாம்.

கார்ட்டாவியூ என்று இன்னொன்று, 2019 இல் கிராப் கம்பனி வாங்கியது. தென்கிழக்காசியாவில் சில வீதிகளுக்கு உதவும். நமக்கு அதிகம் இல்லை. ஆப்பிளின் லுக் எரவுண்ட் 2019 இல் வந்தது, ஜப்பானிய நகரங்களில் நகர்வு வழுக்கிக்கொண்டு போவது போல அருமையாக இருக்கும், ஆனால் இலங்கை அதில் இல்லை.

தேடும் நேரத்தை மிச்சம் பிடிப்பது

படம் இல்லாத ஒரு வழி எனக்கு மிக அதிகம் உதவியது: ஓபன் ஸ்ட்ரீட் மெப். அதில் வீதியும் தண்டவாளமும் வெட்டும் ஒவ்வொரு புள்ளிக்கும் 'லெவல் கிராசிங்' என்ற குறிச்சொல் போடுவார்கள். தடுப்புக் கம்பம் முழுதா பாதியா, விளக்கு உண்டா, மணி உண்டா என்றும் சிலர் சேர்த்திருப்பார்கள். ஓவர்பாஸ் டேர்போ என்ற தளத்தில் ஒரு மாவட்டத்தைத் திரையில் வைத்து அந்தக் குறிச்சொல்லைக் கேட்டால் எல்லாக் கடவைகளும் புள்ளியாக வந்து நிற்கும். தண்டவாளத்தை விரலால் பின்தொடர்ந்து மணிக்கணக்கில் தேடியது இப்போது சில நிமிட வேலை. கேட்டும் விளக்கும் மணியும் இல்லை என்று குறித்த புள்ளிகளை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றாக ஸ்ட்ரீட் வியூவில் திறப்பேன். டேட்டா குறைவாக இருக்கிற மாதக் கடைசியில் இதுதான் ஒரே வழி. பட்டியலுக்கு ஆகும் செலவு ஒரு படத்துக்கு ஆவதை விடக் கொஞ்சம்.

அமெரிக்காவுக்கு மட்டும் இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. அந்த நாட்டில் ஒவ்வொரு கடவைக்கும் ஆறு இலக்கமும் ஓர் எழுத்தும் சேர்ந்த எண் இருக்கிறது. கம்பத்தில் நீலத் தகட்டில் அவசரத் தொலைபேசி இலக்கத்தோடு அது எழுதியிருக்கும். ஸ்ட்ரீட் வியூவில் அந்தத் தகட்டைப் பெரிதாக்கி எண்ணைப் படித்து, ரயில்வே நிர்வாகத்தின் பொதுப் பதிவேட்டில் தேடினால் கடவையின் விவரம் வந்துவிடும். சில சமயம் மங்கலாக்கும் இயந்திரம் தகட்டை வாகன இலக்கமென்று நினைத்து மூடிவிடுகிறது. அப்போது எதிர்ப்பக்கம் போகிற வீதியிலிருந்து பார்க்கவேண்டும்.

ஆகவே தூர நாடுகளுக்கு என் தெரிவு இது: பட்டியலுக்கு ஓபன் ஸ்ட்ரீட் மெப், பார்வைக்கும் பழைய திகதிகளுக்கும் கூகுள், கூகுள் விட்ட இடங்களுக்கு மப்பிலரி. ஒன்றைத்தான் எடுக்கலாம் என்றால் கூகுளை எடுங்கள், பழைய படங்களுக்காக.

நமது பாதைக்கு முடிவு வேறு

மட்டக்களப்பு, ஏறாவூர், வந்தாறுமூலை, தேவபுரம், கல்குடா, வாழைச்சேனை, புணானை. இந்தப் பாதையின் கடவைகளைத் தேடும்போது மேலே சொன்ன கணக்கு மாறிவிடுகிறது. கூகுள் கார் பெரிய வீதிகளில் போயிருக்கிறது. வயலுக்கும் குளத்துக்கும் திரும்புகிற ஒழுங்கைகளில் பலவற்றைத் தொடவில்லை. நமது மூங்கில் கேட்டுகள் அதிகம் நிற்பது அந்த ஒழுங்கைகளில்தான். ஓட்டமாவடிப் பழைய இரும்புப் பாலத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். ரயிலும் வாகனமும் ஒரே தளத்தில் மாறி மாறிப் போன பாலம் அது. கோச்சி வந்தால் இரண்டு பக்கமும் வாகனங்கள் நிற்கும். பக்கத்தில் புதிய வீதிப் பாலம் வந்த பிறகு வீதி பிரிந்துவிட்டது. கூகுள் கார் இலங்கைக்கு வந்தபோது அந்தக் காட்சி முடிந்துவிட்டிருந்தது. அதன் படம் யாருடைய பழைய அல்பத்திலாவது இருந்தால்தான் உண்டு.

மூங்கில் கேட்டும் அந்த வழியில்தான் போகிறது. மணியும் விளக்கும் பொருத்திய கடவைகள் கூடிவருகின்றன. உயிர் காக்கிற காரியம், வரத்தான் வேண்டும். கம்பத்தை இறக்குகிற மனிதர் இருக்கும்போதே அதைப் பதிந்து வைக்கவேண்டும் என்பது என் ஆசை. அதற்குக் கார் வரும் என்று காத்திருக்க முடியாது. ஆகவே நமது பாதைக்கு நான் மப்பிலரியைத்தான் சொல்வேன். மோட்டார் சைக்கிளின் முன்னால் போனைப் பிடிகருவியில் பூட்டி, செயலியைத் தானாகப் படமெடுக்க விட்டு, மெதுவாக ஓடினால் போதும். வீட்டுக்கு வந்து வைபை கிடைக்கும்போது ஏற்றிவிடலாம். உரிமம் திறந்திருப்பதால், அந்தப் படத்தைப் பார்த்து ஓபன் ஸ்ட்ரீட் மெப்பில் கடவையையும் சேர்த்துவிடலாம். வீதியில் நின்றே எடுங்கள். தண்டவாளத்தில் ஏறி நிற்பது ஆபத்து, குற்றமும்கூட. பலகையின் இரண்டு முகத்தையும் எடுங்கள். காலை வெயில் ஒரு பக்கம், பின்னேர வெயில் மறுபக்கம் என்று வருவதால் ஒரே நாளில் இரண்டு தடவை போகவேண்டியிருக்கும்.

முதல் ஓட்டத்துக்கு ஏறாவூர்ப் பக்கத்து அந்தக் கேட்டுக்கே போனேன். கல் அப்படியே இருந்தது. கம்பம் இப்போது இரும்புக் குழாய், பெயர் மட்டும் மூங்கில் கேட். கதிரையில் இருந்த ஐயா 2015 படத்தில் இருந்தவரா என்று முகம் மங்கிய படத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை.

"என்னத்துக்கு மனே படம்?" என்று கேட்டார்.

விளக்கமாகச் சொன்னேன். போனில் பின்லாந்தின் மஞ்சள் பலகையைக் காட்டினேன், ஜப்பானின் வரிப் பலகையைக் காட்டினேன். தலையாட்டினார். பிறகு விக்வக் படத்தைக் காட்டினேன். இது என்ன சாமான் என்று கேட்டார். நின்ற படம்தானே, அதனால் கையை நீட்டி இடமும் வலமுமாக ஆட்டிக் காட்டினேன்.

"இது நாங்க ராவையில லாம்ப ஆட்டுற மாதிரியெல்லா இருக்கு," என்றார். கொட்டிலுக்குள் போய்ச் சிவப்புக் கண்ணாடி போட்ட லாம்பை எடுத்து வந்து, பகல் வெளிச்சத்தில் ஆட்டியும் காட்டினார். அதையும் எடுத்துக்கொண்டேன், கையும் லாம்பும் மட்டும் தெரிய. அதற்குள் அவருக்குப் போன் வந்தது. "உதயதேவி வருது, நீ அங்கால நில்லு. மறுகா கதைப்பம்," என்று சொல்லிவிட்டுக் கயிற்றை அவிழ்க்கப் போனார்.